பெட்ரோல் முள் காட்டிக்கொடுத்தது

இன்று சாயங்காலம் நான் ஒரு பைக்கைத் திருடிவிட்டேன். பத்து நிமிடத்துக்குத்தான்.

தாம்பரம் ஸ்டேஷன் பைக் ஸ்டாண்டில் காலையில் விட்ட இடத்தில் வண்டி இருக்காது. இடம் பண்ணுவதற்காக இழுத்து நகர்த்திவிடுவார்கள். நான் விட்ட தூணுக்குப் பக்கத்திலேயே என்னுடையதைப் போலவே கறுப்பு நூறு சிசி ஒன்று நின்றது. சாவியைப் போட்டேன், திரும்பியது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. போன வாரம் சர்வீஸ் விட்டதற்கு இப்போதாவது பலன் கிடைத்ததே என்று கிளம்பிவிட்டேன்.

முடிச்சூர் ரோட்டில் போகும்போதுதான் கவனித்தேன். பெட்ரோல் முள் பாதியில் நின்றது. என் வண்டியில் அந்த முள் அசைந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டியை ஆட்டி, டேங்கில் சத்தம் கேட்டுத்தான் பெட்ரோல் போடுவேன்.

உடனே திரும்பினேன். ஸ்டாண்டில் ஒருவர் வியர்க்க வியர்க்க என் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சாவி திரும்பியிருக்கிறது.

"சார், நம்பரைப் பாருங்க," என்றேன்.

இரண்டு வண்டியின் நம்பரையும் பார்த்தார். என் வண்டியிலிருந்து இறங்கினார்.

"காலைல நல்லாத்தான ஓடுச்சுன்னு பாத்துட்டே இருந்தேன் சார். முதல்ல பூட்டை மாத்துங்க. எவன் வேணா எடுத்துட்டுப் போயிடுவான்."

நான் சோக்கைப் பாதி இழுத்து, வண்டியை இடது பக்கம் சாய்த்து நிமிர்த்தி, உதைத்தேன். கிளம்பியது.

"எடுத்துட்டுப் போறவனுக்கு முதல்ல இது தெரியணுமே சார்."

பூட்டை மாற்ற வேண்டியது அவர்தான். அவர் வண்டி யார் உதைத்தாலும் கிளம்புகிறது.

உங்கள் வண்டி எப்படி?