இரண்டு வெட்டு என்றால் பச்சை

ஸ்டூடியோக்காரர் நல்ல புகைப்படக்காரர். முகத்தில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும், விறைத்து உட்கார்ந்திருப்பவரை எப்போது அசைய விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலம் கறுப்பு வெள்ளையோடு நின்றிருந்தால் அவரிடம் குறை சொல்ல அதிகம் இருந்திருக்காது. கலர் வந்தது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல் பழுப்பு.

இது தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும். கல்யாணமான புதிதில், தன் பச்சைச் சேலையைப் பார்த்து அவர் "இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கு" என்றபோது கேலி செய்கிறார் என்றே நினைத்தாள். விஷயம் புரிந்ததும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்கும் வேலை அவளிடம் வந்தது. ஒரு முகத்தைப் பார்த்ததுமே சிவப்பு எவ்வளவு கூடியிருக்கிறது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். எங்கும் போய்ப் படித்ததல்ல. வாடிக்கையாளர் இருக்கும்போது அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரிண்டுகளின் ஓரம் நறுக்குவாள். அவர் சந்தேகப்பட்ட படத்தைத் திரை இடுக்குப் பக்கம் தூக்கிப் பிடிப்பார். கத்தரிக்கோல் ஒரு தரம் சத்தமிட்டால் சிவப்பு கூடியிருக்கிறது; இரண்டு தரம் என்றால் பச்சை. ஊரார் அவர் கண்ணைப் புகழ்ந்தார்கள். "கத்தரிக்கோலுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்க" என்பாள் அவள்.

இப்படி ஓடிய பதினோராம் வருஷம், பெரிய கலர் லேப் நடத்துகிறவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். இந்த ஸ்டூடியோவின் ஆல்பம் ஒன்று அவர் கைக்குப் போயிருந்தது. தோல் நிறம் இவ்வளவு சரியாக வந்து தான் பார்த்ததில்லை என்றார். தன் லேபில் பிரிண்டுகளைப் பார்த்துத் தேறாததைத் தள்ளும் பொறுப்புக்கு ஆள் வேண்டும் என்றார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"இது தேறுமா, சொல்லுங்க சார்."

ஸ்டூடியோக்காரர் அதை இடுக்குப் பக்கம் தூக்கினார். உள்ளே இரண்டு வெட்டு.

"பச்சை அடிக்குது," என்றார்.

லேப்காரர் அப்போதே அவரைக் கூப்பிட்டார். போனால் அங்கே திரையும் கிடையாது, கத்தரிக்கோலும் கிடையாது. கடையை விட்டு வர முடியாது என்று மழுப்பினார். வந்தவர் எழுந்தார், வாசலில் நின்று மறுபடி கேட்டார்.

"நீங்க வரலைன்னா பரவாயில்லை. உங்ககிட்ட வேலை பழகினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஆணோ பெண்ணோ, எனக்குக் கண்ணுதான் வேணும்."

ஒரு திரையை விலக்கினால் போதுமாயிருந்தது.

"அப்படி யாரும் இல்லைங்க," என்றார்.

வந்தவர் போன பிறகும் உள்ளே கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பாடு பரிமாறும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"யாருமே இல்லையாங்க?"

தன் குட்டு உடைந்துவிடும் என்று பயந்ததாகச் சொன்னார். அது பொய்யல்ல, ஆனால் முழுசும் இல்லை. அந்தப் புகழ் அவளுடையது என்று ஒருவர் காதுக்காவது போவதை அவரால் தாங்க முடியவில்லை. தன்னைப் பற்றி இதை ஒப்புக்கொள்ள அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. பிறகு உண்மையை எல்லாம் எழுதி லேப்காரருக்குத் தபாலில் போட்டார்.

பதில் மரியாதையாகவே வந்தது. அந்த இடத்துக்கு ஆள் வந்து ஆறு மாதம் ஆகிறதாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவளைக் கையோடு கூட்டிப் போயிருப்பாராம்.

கடிதத்தை அவளிடம் கொடுத்தார். நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கையோடன்னு எழுதியிருக்காரு," என்றாள். கடிதத்தை மடித்துத் தன் பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்தாள். அன்றைய பிரிண்டுகள் மேஜையில் ஈரம் காய்ந்து கிடந்தன. சரிபார்க்க அவளைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.