காலைத் தூக்குங்கடி

நடுக்கம் எனக்குப் பழகிவிட்டது. வலது கை ஆடுவதைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களிடம், "அது பாட்டுக்கு ஆடட்டும், உங்களுக்கென்ன?" என்று கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பார்க்கின்சன் நோய்க்கு ஊமைக் குசும்பு ஒன்று உண்டு. சட்டென்று எழுந்தால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். ரத்தக் குழாயை இறுக்கு, இதயத்தை முடுக்கு என்று உத்தரவு போட வேண்டிய நரம்புகள் தூங்கிக்கொண்டிருக்கும். பிரஷர் இறங்கிக் கண் இருட்டும்.

"தண்ணி குடிச்சிட்டு மெதுவா எந்திரிங்க. இருட்டிக்கிட்டு வந்தா உடனே படுத்துக் காலை ஒசத்தி வைங்க" என்றார் பெரம்பலூர் டாக்டர். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அதில் கேட்டது வேறு. "அம்மா, இனிமே நீ தனியா வெளிய போவாத."

புருஷன் போன பிறகு தனியாகத் துணிக்கடை நடத்தி அவனைப் படிக்க வைத்தவள் நான். "போடா" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை குரும்பலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய்விட்டேன்.

வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். தீபாராதனைக்கு மேளம் கொட்டியதும் கூட்டம் எழுந்தது. காளி முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதா? டாக்டர் சொன்னதை மறந்து விருட்டென்று எழுந்தேன். உடம்பு தள்ளாடியது. கை வேறு தன் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். சாமி வந்தவளைக் கீழே விழவிடுவார்களா? இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து என்னை நிமிர்த்திப் பிடித்தார்கள். இன்னொருத்தி வாயில் வேப்பிலையைத் திணித்தாள். எனக்கோ படுத்தால்தான் உயிர். இங்கேயே முடிந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். பயம் ஆத்திரமாக மாறியது.

"என்ன வேணும் தாயி, சொல்லு!"

வேப்பிலையைத் துப்பினேன். "என்னைப் படுக்க வைங்கடி! காலைத் தூக்குங்கடி!"

ஆத்தா உத்தரவுக்கு மறுபேச்சு ஏது? படுக்க வைத்தார்கள். நாலு பேர் என் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முகங்கள் தெளிந்தன. காலைப் பிடித்திருந்தவள், "என் மவளுக்கு எப்பத் தாயி கல்யாணம்?" என்றாள்.

"நான் ஆத்தா இல்லடி, பிரஷர் எறங்கிருச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. காலையும் விடவில்லை.

என் போனிலிருந்து யாரோ மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பைக்கில் பறந்து வந்தான். "பாத்தியா? இன்னும் தனியா போவியா?"

"பாத்தேன்டா. இங்க நாலு பேரு தூக்குனாங்க. நீ டூட்டில இருக்கறப்ப வூட்டுல விழுந்தா, என் காலை யாரு தூக்குவா?"

பைக்கில் உட்கார வைத்து மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை என் பையில் தண்ணீர் பாட்டிலை அவனே வைத்தான். தனியாகத்தான் போனேன். தீபாராதனைக்கு எல்லோரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். "எந்திரிங்கம்மா" என்று பக்கத்தில் நின்றவள் தோளைத் தொட்டாள்.

"ஏன், உள்ள இருக்கறவ மட்டும் நின்னுக்கிட்டா இருக்கா? அவளும் உக்காந்துதான இருக்கா" என்றேன்.