ஓர் எழுத்துக்கு இரண்டு வாசிப்பு

செல்வம் அண்ணை காலமான செய்தி வந்தபோது, முதல்நாள் அவர் அடுக்கிவைத்த பெட்டிகளைத்தான் நான் பிரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் போனில் அழுதாள். மாரடைப்பாம்.

நாங்கள் அகதியாக வந்துசேர்ந்த இந்த ஊரில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள சீனத் துணிக்கடையின் களஞ்சிய அறையில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அண்ணை ஏன் பல்லரோச் சந்தைக்குள் போகாமல் சுற்றி நடப்பார் என்பது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அங்கே தேவன் மரக்கறி விற்கிறான். போர் முடிந்த நாட்களில், முகாம் வரிசையில் நின்ற அண்ணையின் தம்பியை ஆமிக்குத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவன். தம்பி திரும்பி வரவேயில்லை.

பெட்டிகளில் உள்ள சீன எழுத்துகளைக் கேட்டுப் படிப்பதில் அண்ணைக்கு ஒரு பைத்தியம். ஒருநாள் கடைக்கார அம்மா லின் சிஞோராவிடம் "தீமை" என்பதற்கு எழுத்துக் கேட்டார். யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சிஞோரா மட்டைத் துண்டொன்றில் எழுதிக் காட்டினார். கீழ்ப்பாதி இதயம் என்ற எழுத்தாம். "அ" போல ஒலித்தால் தீமை. அதையே "ஊ" என்று ஒலித்தால் வெறுப்பு. தீமைக்கென்று தனியாக ஒரு சாத்தானைத் தன் பாட்டனார் சொன்னதில்லை, மனிதர் நெஞ்சு கோணுவதைத்தான் சொன்னார் என்றார்.

நாங்களும் "க"வைக் கல்லில் ஒருவிதமாக, தங்கத்தில் ஒருவிதமாக வாசிப்பவர்கள்தானே என்று நான் பகிடி விட்டேன். அண்ணை சிரிக்கவில்லை.

"கீழ இதயம் கிடக்குது. ஆற்றை இதயம் எண்டு எழுத்தில இல்லை," என்றார். யாருடைய இதயம் என்பதை எழுத்துச் சொல்லாதாம்.

போன மாதம் தேவன் என்னிடம் வந்து, மன்னிப்புக் கேட்க ஒருமுறை அண்ணையிடம் கூட்டிப்போகச் சொன்னான். அண்ணையிடம் சொன்னேன். அவர் மூன்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டி முடித்தார்.

"இவ்வளவு காலமும் அவனைத்தான் அந்த எழுத்தில வாசிச்சனான். பாத்தா நானும் அதுக்குள்ளதான் கிடக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு."

நான் தேவனிடம் சொல்லவில்லை. மறந்துபோகவுமில்லை. அண்ணை மன்னித்துவிடுவார் என்று தெரிந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிறு அவர் இரண்டு கதிரை போட்டுவைத்துப் பின்னேரம்வரை இருந்தாராம். திங்கட்கிழமை வேலைக்கு வந்தார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய் காலையில் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த தேவன் உள்ளே வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்றான். நான் வெளியே வந்தபோது கிட்ட வந்தான்.

"அண்ணை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

இல்லையென்று தலையாட்டினேன்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மட்டைத் துண்டுதான். அதில் கீழே கிடக்கிற இதயம் ஆற்றையென்று எனக்கு இப்போது தெரியும்.