மாமனார் சாவுக்கு வந்த இரண்டு பேர்

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நடப்பதாக ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அரியலூரிலும் ஒன்று உண்டு. எங்களுக்கு அதுதான் பக்கம். ஆனால் நான் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவன். அரியலூர் லாரிக்காரர்களுக்கெல்லாம் என் முகம் தெரியும். அதனால் பெரம்பலூருக்கே பஸ் ஏறினேன்.

இடம் ஒரு பள்ளிக்கூடம். வழி கேட்க வாய் வரவில்லை. கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்களே. அந்தத் தெருவிலேயே மேலும் கீழுமாக நடந்தேன். கடைசியில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்ததாகக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம யாருங்க புள்ள சேத்துக்குவாங்க? கூட்டத்துக்குத்தான? பின்பக்க கேட்டு தொறந்திருக்கும், போங்க" என்றார்.

உள்ளே சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்கப் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் பக்கத்தில் உட்காரவே மாட்டார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் முறை வந்தபோது, கேட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையேதான் சொன்னேன். வாரம் முழுக்க மூட்டை தூக்கிய உடம்போடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவது பெரும் பாடாக இருந்தது. போகாவிட்டால் குடித்துவிடுவேன் என்று தெரிந்ததால் போனேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில், உடையார்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வந்தது. மாமனார் இறந்துவிட்டார். மனைவி அழுதாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அந்த ஊரில் குழி வெட்டுகிறவர்களுக்கும் பாடை தூக்குகிறவர்களுக்கும் மூத்த மருமகன் சரக்கு வாங்கித் தன் கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மூத்த மருமகன் நான்தான். ஊற்றினால் நானும் குடிப்பேன். கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அவருக்கு போன் செய்தேன்.

"தனியா இருக்காத தம்பி. நாங்க வந்துடுறோம்" என்றார்.

டயர் கடை வைத்திருக்கும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சாவு வீட்டுப் பந்தலில் எனக்கு இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். கண்டக்டர் தன் பழைய காக்கி பேண்ட்டைப் போட்டிருந்தார். அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

மனைவியின் சித்தப்பா வந்து குனிந்தார். "மாப்ள, கடை தொறக்க மத்தியானம் ஆயிடும். முந்திரிக்காட்டுல ஒருத்தன் திருட்டுத்தனமா வச்சு விக்கிறான். வாங்க, எடுத்தாந்துடலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"இவங்க யாரு? எந்த ஊரு?"

"தெரிஞ்சவங்க" என்றார் கண்டக்டர்.

"எந்த வகையில?"

"சும்மா, தெரிஞ்சவங்கதாங்க."

சித்தப்பாவின் பார்வை காக்கி பேண்ட்டில் நின்றது. சட்டென்று நிமிர்ந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் ஆண்கள் யாரும் இல்லை. மஃப்டி போலீஸ் வந்திருப்பதாகப் பேச்சு பரவி, குழி வெட்டப் போனவர்கள்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டு முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டார்களாம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

"சரக்கு வாங்கித் தர மனசில்லாம மாப்ள போலீச கூட்டியாந்துட்டாரு."

பிணம் கிடக்கிறது. தூக்க ஆள் இல்லை. பெண்கள் நடுவிலிருந்து மனைவி என்னைப் பார்த்தாள்.

வேலியோரம் போய் நின்றேன்.

"போலீஸ் இல்ல மாமா. இவங்க குடிய விட்டவங்க. பெரம்பலூர்ல கூட்டம் நடக்குது, நானும் அங்கதான் போறேன். சரக்கத் தொட்டா குடிச்சிருவேன். காசு தர்றேன், நீங்களே வாங்கிக்குங்க. என்னைய ஊத்த மட்டும் சொல்லாதீங்க."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

சித்தப்பா முந்திரி மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன மாப்ள? ஒருத்தன் முள்ளுல மாட்டி வேட்டியக் கிழிச்சுக்கிட்டான்."

"மாப்ளைக்கு இனிமே பாயாசந்தான்" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

காசை வாங்கிக்கொண்டு அவர்களே போய்ச் சரக்கு எடுத்து வந்தார்கள். பாடைக்கு நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். முன்னால் போனவரின் சரக்கு வாடை முகத்தில் அடித்தபடியே இருந்தது. டயர் கடைக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். குடிக்காமல் திரும்பினேன்.

குளித்துவிட்டு வந்தபோது இருவரும் போயிருந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. மனைவி வீங்கிய கண்ணோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போயிட்டாங்களா?"

"ம்."

"நாளைக்குப் பால் தெளிக்கிறப்பவும் உங்களத்தான் சரக்கு ஊத்தச் சொல்லுவாங்க."

"அதான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே."

"குடிச்சிட்டுல்ல இருக்காங்க, காலையில மறந்துருவாங்க. நாளைக்கும் சொல்லணும்ங்க" என்றாள்.