ஏழாம் மாசத்துக்காரி

கெய்ரோவின் ஷூப்ரா பகுதியில் யாராவது காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறந்தால், "ஏழாம் மாசத்துல பொறந்தியா?" என்று கேட்பார்கள். இன்ஸாஃப் நிஜமாகவே ஏழாம் மாதத்தில் பிறந்து, இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. முகாம் என்றால், எட்டு மணி வேலைக்கு ஆறரைக்கே ஐஸ் பெட்டியோடு தெருவில் நிற்பாள்.

"அப்படி என்னடி அவசரம், ஏழாம் மாசத்துக்காரி!" என்று கூட வேலை பார்க்கும் விதாத் சீண்டுவாள். இன்ஸாஃப் சிரித்துவைப்பாள். அவசரமாவது ஒன்றாவது! லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கத்தான் அந்த ஒன்றரை மணி நேரம். வெளியே சொன்னால் படி ஏற விடாமல் மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள். மொட்டைமாடிக் குடிசைகளில் இருக்கும் பிள்ளைகளை அவளை விட்டால் யார் தேடிப் போவார்கள்?

நாற்பத்து மூன்றாம் வயதில் ஒருநாள், ஐந்தாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விதாத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூச்சிரைப்புக்காக முன்பு பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹூக்கா பிடிப்பாயா என்றார். இன்னொருவர் ஆஸ்துமா என்று எழுதினார். இந்தப் பெண் டாக்டர் வேறு மாதிரி கேட்டார்.

"நீங்க நிறைமாசத்துல பொறந்தவங்களா?"

விதாத் சிரித்துவிட்டாள். "டாக்டரம்மா, அது ஷூப்ராவுக்கே தெரியுமே!"

"ஃபைல்ல இல்லையே. நாங்க யாரும் கேக்கவே இல்ல போல," என்றார் டாக்டர். "நுரையீரல் முழுசா வளர்றதுக்குள்ள பொறந்துட்டீங்க. சில பேருக்கு அந்தக் குறை ஆயுசுக்கும் கூடவே வரும். வருஷா வருஷம் மூச்சை அளக்குற குழாய்ல ஊதிப் பாக்கணும். புகை பக்கமே போகாதீங்க."

"படி ஏறலாமா?" இன்ஸாஃபுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

"தாராளமா. நின்னு நின்னு ஏறுங்க."

விதாத் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த மூச்சை வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஒரு வீடு விடாமல் ஏறியிருக்கிறாள் என்றால், அந்த நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது!

அடுத்த முகாமன்று ஆறரைக்கு விதாத்தும் வந்து நின்றாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு மாடியிலும் இருவரும் நின்றார்கள். மொட்டைமாடிக் குடிசையில் குடியிருக்கும் நிஸ்மா தன் பிஞ்சு மகளை நீட்டினாள். "இவளும் ஏழாம் மாசந்தான், அக்கா."

இன்ஸாஃப் சொட்டு மருந்து விட்டாள். பிறகு தடுப்பூசி அட்டையை வாங்கி, மேலே கொட்டை எழுத்தில் ‘ஏழாம் மாதத்தில் பிறந்தவள்’ என்று எழுதத் தொடங்கினாள்.

"ஐயோ, அதை ஏன்க்கா எழுதுறீங்க? பிள்ளைய கிண்டல் பண்ணுவாங்க."

"பண்ணட்டும்டி. என்னைப் பண்ணாத கிண்டலா? தெருவுக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, டாக்டருக்கும் தெரியணும்."