பின்னால் வருகிறாள்

மொஸ் நிலையத்தில் ரயில் இரண்டு நிமிடம்தான் நின்றது. ஒஸ்லோவிலிருந்து அதுவரை தன் முதுகுப் பையை மடியில் வைத்தபடியே வந்த மச்சாள், கதவு திறந்ததும் இறங்கி மேடையில் நின்றாள். நான் கண்ணாடிக்கு உள்ளே. இருவரும் கையசைக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது அவள் எதிர்ப்பக்க மேடைக்குப் போகும் படிகளைத் தேடித் திரும்பியிருந்தாள். எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்கு இருபத்துமூன்று. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். ஐரோப்பாவை ஒரு மாதம் ரயிலில் சுற்றிவரப் பெண்கள் இருவருமாகப் போகிறோம் என்று வீட்டில் ஆறு மாதம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தோம். 'ரெண்டு பேர் எண்டபடியால் விடுறன்' என்று என் அப்பா சொல்லியிருந்தார். அப்பாவின் தங்கை மகள்தான் மச்சாள். மாமி அன்று காலை ஒஸ்லோ நிலையத்துக்கு வந்து, தட்டை வடைப் பையை எங்கள் இருவரின் கைகளிலும் சேர்த்து வைத்துவிட்டு நின்றார்.

ஒஸ்லோவிலிருந்து ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் அவள் சொன்னாள்.

“நான் வரேல்லை. அடுத்த ஸ்டேசனில இறங்கிப் பேர்கனுக்குப் போறன். அங்கை ஒரு முதியோர் இல்லத்தில இந்தக் கோடைக்கு ஒரு சொமர்ஜொப் கிடைச்சிருக்கு. ஒரு ஹிபலும் எடுத்திட்டன், ஒரு அறைதான்.”

“ஆரோட?” என்று கேட்டேன்.

“ஒருத்தரோடயும் இல்லை. தனிய இருக்கப் போறன், ஒரு மாசம். நீ போ. ரெண்டு பேரும் போனதாவே இருக்கட்டும்.”

நானும் அதை முழுதாக நம்பவில்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் மாமி வீட்டில் அவள் தன் இரண்டு தங்கைகளோடு ஒரே அறையில் படுத்தவள். அவள் தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டதை நான் கண்டதில்லை. அவளுக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் அப்படி ஒரு கதவை அவள் ஒரு மாதமாவது சாத்திப் பார்க்க விரும்பினாள் என்பது அப்போது எனக்குக் காரணமாகவே படவில்லை. ஆனாலும் சரி என்றேன். இல்லை என்றால் நானும் மொஸ்ஸில் இறங்க வேண்டியிருக்கும்.

இப்படித்தான் நான் தனியே பயணம் செய்தவள் ஆனேன். துணிச்சல் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். உண்மையில் முதல் மூன்று நாட்கள் கொப்பன்ஹேகனிலும் ஹம்பேர்க்கிலும் ரயில் நிலையத்தைவிட்டு அதிக தூரம் போகவே இல்லை. நான்காம் நாள் பிராகில் ஓர் ஆள் பாலத்திலிருந்து விடுதிவரை என் பின்னால் கதைத்துக்கொண்டே வந்தான். திரும்பி நின்று, என் மச்சாள் பின்னால் வருகிறாள், அவளுக்காகத்தான் நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் போய்விட்டான். அந்த வசனம் எனக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு விடுதிகளில், உணவுக்கடைகளில், ரயில் பெட்டிகளில், தனியாகவா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன். இரண்டு கிழமையில் அது யோசிக்காமலே வாயில் வந்தது.

வீட்டுக்கும் அவள் என்னோடுதான் இருந்தாள். ஒவ்வொரு மாலையும் அன்று பார்த்ததை இரண்டு மூன்று வரிக் குறுஞ்செய்தியாக அவளுக்கு அனுப்புவேன். 'வியன்னா. வெயில். பெரிய அரண்மனை. கால் நோகுது.' அவள் பேர்கனிலிருந்து தன் இலக்கத்தை மறைத்துக்கொண்டு மாமிக்கு எடுத்துச் சொல்லுவாள். அம்மாவோடு கதைக்கும்போது நான் பார்க்காத வியன்னா ஒன்று எனக்குத் திரும்பி வந்தது. அரண்மனைத் தோட்டத்தில் ஒரு கிழவர் அணிலுக்குக் கச்சான் கடலை கொடுத்தாராம். மச்சாள் சொன்னவளாம். நான் அரண்மனையின் வாசலோடு திரும்பியிருந்தேன். முதியோர் இல்லத்தில் ஒன்பது மணிநேரம் வேலை செய்துவிட்டு, ஒற்றை அறையில் இருந்துகொண்டு அவள் என்னைவிட நன்றாகப் பயணம் செய்தாள்.

பதினேழாம் நாள் ஒஸ்ற்றியாவின் ரிரோல் மலைகளுக்குப் போனேன். அங்கே மலை விடுதிகளில் ஒரு பதிவேடு இருக்கும். யார், எங்கிருந்து, அடுத்து எந்த விடுதிக்கு, வீட்டுத் தொலைபேசி என்ன என்று எழுத வேண்டும். முதல் விடுதியில் நான் இரண்டு பெயர் எழுதினேன். மச்சாள் கீழே கிராமத்தில் நிற்கிறாள், காலையில் என்னோடு சேர்ந்துகொள்வாள் என்று விடுதிக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மறுநாள் காலை நான் கிளம்பிய பிறகு, இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்று மேல் விடுதிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

நான்கு மணிநேரப் பாதை. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய அடையாளங்களைப் பார்த்து நடக்க வேண்டும். கணவாயைத் தாண்டியதும் பனிப்புகார் இறங்கியது. அடுத்த அடையாளம் தெரியவில்லை. ஒரு பாறையில் முக்கால் மணிநேரம் இருந்தேன். பயத்தைவிட எரிச்சல்தான் இருந்தது என்று நினைவு. பிறகு மழை பெய்து புகாரைக் கொஞ்சம் கலைத்தது. பிற்பகல் நான் மேல் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற விடுதிக்காரி என் தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்துவிட்டு, மற்றவள் எங்கே என்று கேட்டார்.

பின்னால் வருகிறாள் என்று சொன்னேன்.

சொல்லிவிட்டு மேலே போய், ஈரத்தைக் கழற்றி, இரண்டு கம்பளிகளைப் போர்த்துப் படுத்துவிட்டேன். அந்த வசனத்துக்கு அந்த இடத்தில் வேறு அர்த்தம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு மணிநேரம் கழித்து எழும்பிக் கீழே வந்தபோது சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். விடுதிக்காரி யன்னலில் தொலைநோக்கியோடு நின்றார். என்னைக் கண்டதும் வந்து தோளை அணைத்தார். பயப்படாதே, என் கணவரும் இன்னும் இரண்டு பேரும் தேடிப் போயிருக்கிறார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். வெளியே மழை கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கிராமத்துக்கே திரும்பிப் போயிருப்பாள் என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு தேடலைக் கிளப்பும். மலையில் அப்படி ஒருத்தி இல்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். என் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டு, போனவர்களைக் கூப்பிட வானொலிக் கருவி இருந்த அறைக்குள் போனார். மண்டபத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து ஒன்று சொன்னார். மச்சாளிடம் கைத்தொலைபேசி இருக்கிறதா என்று கேட்பதற்காகக் கீழ் விடுதிக்காரர் பதிவேட்டிலிருந்த இலக்கத்துக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டார். ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டு இலக்கம் அது.

அங்கிருந்தே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். “எங்கையடி அவள்? போனும் எடுக்கிறாளில்லை. கண்டுபிடிச்சிட்டினமோ?” மாமி அதற்குள் ட்வெய்ட்டாவிலிருந்து வந்திருந்தார். அவர் தொலைபேசியை வாங்கும் சத்தம் கேட்டது.

“மாமி, அவ மலைக்கு வரேல்லை. பேர்கனில நிக்கிறா. சுகமா இருக்கிறா.”

“என்னைத் தேத்தப் பொய் சொல்லுறியோ?”

“இல்லை மாமி. இவ்வளவு நாளும்தான் பொய் சொன்னனாங்கள்.”

மாமி அழுதார். பெரிய சத்தமாக, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாராமல் அழுதார். “என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள்” என்று அம்மாவுக்குச் சொல்வது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, வேறு குரலில் என்னிடம் கேட்டார்: “ஆரோட?”

தேடிப் போனவர்கள் ஒரு மணிநேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வியன்னாக்காரர், விடுமுறைக்கு வந்தவர், பாறையில் சறுக்கி உள்ளங்கையைக் கிழித்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மற்றக் கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டார். நோர்வேயில் இருக்கிறாள் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தார். விடுதிக்காரி அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. காலையில் பதிவேட்டில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டு இறங்கினேன்.

உடனே திரும்பி வா என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. வீடு முழுக்கப் பேர்கனையே பார்த்துக்கொண்டிருந்தது. மீதி நாட்களில் சூரிச்சும் மிலானும் பார்த்தேன். தனியாகவா என்று கேட்டவர்களிடம் ஆம் என்றேன். சொல்லிப் பழகிய பிறகு அதுவும் இலகுவாகவே இருந்தது.

மாமியும் மாமாவும் மறுநாளே ரயிலெடுத்துப் பேர்கனுக்குப் போனார்கள். அங்கே ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை. பக்கத்து அறைப் பெண்ணிடமும் விசாரித்தார்கள். யாரும் வருவதில்லை என்றாள். மாமி திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னாராம்: “ஒருத்தனும் இல்லையடி. அதுதான் எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு.” லண்டன் சம்பந்தக்காரருக்குக் கதை எட்டி, அவர்கள் விலகிக்கொண்டார்கள். கோடை முடிந்தும் மச்சாள் வரவில்லை. இன்றைக்கும் அவள் பேர்கனில்தான், அந்த இல்லத்திலேயே பொறுப்பில் இருக்கிறாள். மாமி ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் போய் நிற்கிறார். இப்போது எங்கள் வீட்டுப் பெண்கள் தனியாகப் போகிறோம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டே போகிறார்கள். அம்மா சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்கிறார்.

மச்சாள் என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. ஒரு வேலைப் பயிற்சிக்காகப் பேர்கனுக்குப் போனபோது சொல்லாமலே அவள் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே விட்டாள். ஒரு மணிநேரம் எதிரெதிரே இருந்தோம். வந்தவளுக்குத் தேத்தண்ணி வேணுமோ என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடையே அது உறவில்லை என்று சொல்வதற்குச் சமம் என்று இருவருக்கும் தெரியும்.

“நீ சொல்லாம விட்டிருக்கலாம்” என்றாள் கடைசியில்.

“மூண்டு பேர் மழைக்குள்ள உன்னைத் தேடிக்கொண்டு நிண்டவை.”

அவள் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. வீட்டில் அவளிடம் அறையைப் பற்றியும் ஆளைப் பற்றியும்தான் கேட்டிருந்தார்கள், மலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் தேடினார்கள், யார் அவர்கள், யாருக்காவது காயம் பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன்.

“என்ர பேரைக் கூப்பிட்டவையோ?”

“ஓம். வழி முழுக்க.”

“எப்பிடி?”

கீழ் விடுதிக்காரர் பதிவேட்டிலிருந்து வாசித்துச் சொன்னதை வைத்து அந்த மூன்று பேரும் கூப்பிட்டிருக்க வேண்டிய விதத்தில், நடு எழுத்தை நீட்டி, கடைசி எழுத்தை விழுங்கி, அவளுடைய பெயரைச் சொல்லிக் காட்டினேன். இன்னொருமுறை சொல் என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பேர்கன் மழை பெய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினாள்.