புஷ்பவல்லி அக்காவின் பூப்போட்ட வானம்

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் புஷ்பவல்லி அக்கா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். கையுறைத் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்ற காலம் போய், இப்போது ஐந்து வாண்டுகள்தான் அவருக்கு உலகம். சொந்தப் பிள்ளை இல்லையே என்று யாராவது பேச்செடுத்தால், "அதான் வீடு நெறைய கெடக்குதே, கண்ணு தெரியலையா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

மத்தியானச் சோறு முடிந்ததும் ஜன்னலோரம் நின்று பூப்போட்ட பெரிய போர்வையை உதறுவார். அது புஸ்ஸென்று உப்பி மெல்ல மெல்ல இறங்கும். வெயிலில் தூசி பொன்னாய் மிதக்கும். போர்வைக்கு அடியில் பிள்ளைகள் கைகளைத் தூக்கிக்கொண்டு, "வானம் வருது! வானம் வருது!" என்று கூத்தாடுவார்கள். பிறகு அந்த ஒரே போர்வையில் எல்லாரும் தூங்கிப்போவார்கள். வாசலில் நின்று பார்த்தால் எனக்கே கண் சொக்கும்.

அந்தத் தூக்கத்தில்தான் பாழாய்ப்போன கீரிப்பூச்சி பிள்ளைகள் வயிற்றில் வந்து புகுந்தது. அந்த ஐவரில் ஒருத்தியான என் மகள் லோகேஸ்வரி ராத்திரியெல்லாம் பின்பக்கம் அரிக்கிறது என்று அழுதாள். மருந்து கொடுத்தேன்; போனது, திரும்பி வந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஆனால் வெட்கம் பாருங்கள், ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடவில்லை. அவரவர் வீட்டில், அவரவருக்குத் தோன்றிய நாளில் மருந்து. பழியை மட்டும் எல்லாரும் அக்கா கொடுக்கும் தேங்காய் மிட்டாய் மேல் போட்டோம். இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்தியே விட்டார்கள். எனக்கும் கோபம் மூக்கு நுனியில். "மாசக் கடைசியோட நானும் நிப்பாட்டிடுறேன்க்கா," என்றேன். அக்கா முகம் செத்துப்போனது.

அவரே போய் கிளினிக் தாதி ருக்கையாவை வந்து பார்க்கச் சொன்னார். ருக்கையா வந்தபோது நானும் வாசலில் இருந்தேன். அக்கா போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா, உதறாதீங்க லா! பூச்சி முட்டை கண்ணுக்கே தெரியாது. தூசியோட பறந்து பிள்ளைங்க கையில, வாயில போயிடும்," என்றார் ருக்கையா.

அக்காவின் கைகள் அப்படியே நின்றன. "அப்போ நான்தான் எம்புள்ளைங்க தலையில கொட்டினேனா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் குத்தமும் இல்லக்கா. உங்களையும் சேர்த்து எல்லா வீட்டு ஆளுங்களும் ஒரே நாள்ல மருந்து சாப்பிடணும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. நகத்தை ஒட்ட வெட்டுங்க. காலையில குளிப்பாட்டுங்க. துணிய உதறாம சுடுதண்ணியில போடுங்க," என்றார் ருக்கையா.

அன்றே அக்கா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். பிள்ளையை நிறுத்திய வீடுகளையும் விடவில்லை. "எனக்கும் பூச்சி இருக்கும் லா! ஞாயித்துக்கிழமை நான் மருந்து சாப்பிடுறேன், நீங்களும் சாப்பிடுங்க!" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். அவருக்கே இல்லாத வெட்கம் எங்களுக்கு எதற்கு? எல்லாரும் சாப்பிட்டோம். இரண்டாம் தடவையும் சாப்பிட்டோம். லோகேஸ்வரி விடிய விடிய அசையாமல் தூங்கினாள்.

மாசக் கடைசி நாள் மகளை அழைக்கப் போனேன். நடைபாதைக் கொடியில், வெந்நீரில் அலசிய போர்வை சொட்டச் சொட்டத் தொங்கியது. காற்று புகுந்ததும் அது உப்பி எழுந்தது. நின்றுபோன ரிஷிகூடத் திரும்பி வந்திருந்தான். அவனும் லோகேஸ்வரியும் அதன் அடியில் கைகளைத் தூக்கிக்கொண்டு, "ஆன்டி, வானம் மழை பெய்யுது!" என்று குதித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. மகளின் துணிகளை மடித்து வைத்த பையை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "அது இங்கேயே கெடக்கட்டும்க்கா. நாளைக்குக் காலையில புள்ளையக் கொண்டாந்து விடுறேன்."

அக்கா பையை ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.